ஒருமுறைதான் கேட்பார்கள்

கார்ஹிங் என்ற ஜெர்மன் ஊரில் எங்கள் ஆய்வகக் கட்டடத்தில் மாதம் ஒரு நாவல் வாசிக்கும் சிறு கூட்டம் உண்டு. போன மாதம் அமெரிக்கத் தென்மாநிலக் கதை ஒன்று. பெரியம்மாக்களின் கண்டிப்பில் வேலி தாண்டாமல் வளர்ந்த ஒரு பெண்ணை அண்டை வீட்டார் விருந்துக்கு அழைக்கிறார்கள். வேண்டாம் என்கிறாள். பிறகு புது உடை உடுத்தி, மறுபடி அழைப்பார்கள் என்று வராந்தாவில் காத்திருக்கிறாள். யாரும் வரவில்லை.

கூட்டத்தில் என்னைத் தவிர ஒரே தமிழ்ப்பெண், டுசல்டோர்ஃபில் பிறந்த யாழ்ப்பாணக் குடும்பத்து மாணவி. வெளியே வந்ததும் பொரிந்தாள்.

"விருப்பமெண்டா ஓம் எண்டு சொல்ல ஏலாதோ அக்கா? வாயில கொழுக்கட்டையோ அவளுக்கு?"

"சொல்லக் கூடாதுன்னு வளர்த்திருக்காங்க," என்றேன்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். யார் எதைக் கொடுத்தாலும் முதல்முறை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் முறையும். மூன்றாம் முறை அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், கண்ணசைத்தால் வாங்கலாம். பள்ளியும் நாலு உறவினர் வீடுகளும்தான் நான் கண்டது. ஆகவே உலகமே மூன்றுமுறை கேட்கும் என்று நம்பியிருந்தேன்.

இங்கே வந்து நான் மறுத்தவற்றை ஒருநாள் வரிசையாக எழுதிப் பார்த்தேன். காபி, மதியச் சாப்பாடு, ஒரு பிறந்தநாள், மறுபடி காபி (வேறு ஆள்). எல்லோரும் ஒருமுறைதான் கேட்டிருந்தார்கள். யாருக்கும் கோபமில்லை, என் சொல்லை அப்படியே மதித்தார்கள். பதினோரு மாதமாகத் தனியாகச் சாப்பிடுகிறேன்.

ரயில் நிலையத்தில் அவள் கேட்டாள்: "சனிக்கிழமை மச்சாள் ஆக்களோட ஏரிக்குப் போறம். கொத்துரொட்டி. வாறீங்களோ அக்கா?"

போக அவ்வளவு ஆசை. "பரவாயில்லம்மா, நீங்க போயிட்டு வாங்க. லேப்ல வேலை இருக்கு."

"சரி அக்கா." ரயிலேறிவிட்டாள்.

வேலை எதுவும் இல்லை. சனிக்கிழமை தலைக்குக் குளித்து, நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு, கைபேசியை மேசைமேல் வைத்து உட்கார்ந்திருந்தேன். அந்த வராந்தாப் பெண் நினைவுக்கு வர மதியமாகிவிட்டது. நாலு மணிக்குத்தான் எழுதினேன்: "நான் இப்ப வரலாமா?" யாரிடமும் நானாக அப்படிக் கேட்டதே இல்லை.

ஆறு மணிக்குப் பதில் வந்தது. "ஐயோ அக்கா, இப்பத்தான் வீட்ட வந்தனாங்கள். ரொட்டி மிச்சம் கிடக்கு. திங்கள் கொண்டு வரட்டோ?"

"வேணும்," என்று உடனே அனுப்பினேன்.

நடுவில் ஞாயிறு முழுதாக இருந்தது. அன்றும் தனியாகத்தான் சாப்பிட்டேன்.