மழை இல்லையாம்

எங்கள் வீட்டுக்கு வானிலை அறிவிப்பைக் கொண்டு வந்தது நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, தோள் நோகச் சுற்றித்தான் கொண்டு வந்தேன். ஜெயபுரத்தில் அப்போது மின்சாரம் கிடையாது. சண்டையால் பாதை மூடப்பட்ட பிறகு பற்றரியும் வருவதில்லை. வந்தாலும் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வரவேண்டியதுதான். ஆகவே அப்பாவின் சைக்கிளை முற்றத்தில் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவின் வயரை றேடியோவில் கொழுவி, பெடலைக் கையால் சுற்றுவோம். சுற்றினால் றேடியோ பேசும். கை ஓய்ந்தால் அதுவும் வாயை மூடிக்கொள்ளும். வீட்டில் ஒற்றைப் பிள்ளை என்பதால் பத்து வயதிலேயே எனக்கு அந்த உத்தியோகம் கிடைத்துவிட்டது.

பின்னேரச் செய்தியின் கடைசியில்தான் வானிலை வரும். அங்கேதான் வினை. முன்பெல்லாம் செய்தி கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். 2008ஆம் ஆண்டில் அது நீண்டுகொண்டே போனது. சண்டை எந்த ஊர்வரை வந்துவிட்டது, எந்த ஊர்ச் சனம் ஊரை விட்டு எழும்பிவிட்டது என்று அப்பாவும் பக்கத்து வளவுப் பெரியப்பாவும் மூச்சு விடாமல் கேட்பார்கள். அவ்வளவுக்கும் கூலியில்லாமல் உழைத்தது என் கை. வானிலை வரும் நேரம் தோள்மூட்டுக் கழன்றுவிடும் போலிருக்கும்.

"சுத்து பிள்ளை, சுத்து! விட்டிடாதை!" என்று அப்பா கத்துவார்.

அந்தப் புரட்டாசியில் எங்கள் சிறுபோக நெல் பிந்தி விளைந்து நின்றது. ஒன்றரை ஏக்கர். வருடம் முழுக்க நாங்கள் தின்னப்போகும் சோறு அதுதான். நெல்லை வெட்டிக் கைப்பிடி கைப்பிடியாக வயலில் கிடத்துவார்கள். அதற்கு உப்பட்டி என்று பெயர். உப்பட்டி இரண்டு நாள் வெயிலில் காய்ந்த பிறகுதான் சூடு அடித்து நெல்லைப் பிரிக்கலாம். இடையில் மழை பிடித்தால் கிடந்த கிடையிலேயே முளைத்துவிடும். அதனால் வெட்டு வைக்க முன் அப்பா வானத்தைப் பார்ப்பார். வானத்தை நம்பாமல் றேடியோவையும் கேட்பார்.

அன்று அப்பா வயலில் நின்றார். "செய்தியைக் கேட்டிட்டு ஓடி வா பிள்ளை. மழை இல்லையெண்டால் விடியவே வெட்டுவம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நானும் நேரத்துக்கு முன்பே சைக்கிளைக் கவிழ்த்துவிட்டேன். செய்திக்கு முன்னால் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பாட்டுத்தானே என்று சுற்றினேன். அது முடிய, அதைவிட நல்ல பாட்டொன்று வந்தது. அதற்கு நான் என்ன செய்ய? செய்தி தொடங்கும்போதே கை பாதி செத்துவிட்டது. "வடக்கு மாகாணத்தில்..." என்று வானிலை வாசிப்பவர் வாயெடுக்க, மீதியும் செத்தது. றேடியோ ஒருமுறை முனகிவிட்டு நின்றுவிட்டது.

அண்ணாந்து பார்த்தேன். வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. வயலுக்கு ஓடினேன்.

"மழை இல்லையாம்!"

"வடிவாக் கேட்டனியோ?"

"ஓம் அப்பா."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். "சரி" என்றார்.

விடியப் பத்துப்பேர் இறங்கி வெட்டினார்கள். மத்தியானம் தாண்டியதும் கிழக்கே கறுத்தது. கடைசி மூலை வெட்டி முடியும்போது முதல் துளி என் மூக்கில் விழுந்தது. ஐயோ, அந்தத் துளியை இன்றைக்கும் மறக்கவில்லை. கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்தேன்.

அங்கிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். அப்பாவும் அம்மாவும் பெரியப்பாவும் கொட்டுகிற மழையில் உப்பட்டிகளை அள்ளி அள்ளி வந்து விறாந்தையிலும் அறையிலும் குசினியிலும் போட்டார்கள். பாதிக்கு மேல் வயலிலேயே கிடந்தது. அப்பா ஓடி வந்து, நெல்லை மூடத் தறப்பாளைக் கேட்டார். வீட்டில் இருந்தது ஒரே ஒரு தறப்பாள். அம்மா அதை மடித்துக் கயிறு கட்டி, சட்டி பானையோடு மூட்டையாக வைத்திருந்தார்.

"அதைத் தரமாட்டன். அது எங்களுக்கு வேணுமெல்லோ."

மற்ற நாள் என்றால் வீடு இரண்டாகியிருக்கும். அன்று அப்பா அப்படியே மழைக்குள் இறங்கிப் போனார். நெல் நனையும்போது தறப்பாளைக் கட்டி வைக்கிற அம்மாவை நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொன்னவள் நான் என்பதைக்கூடக் கொஞ்ச நேரம் மறந்துபோனேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அழுதுகொண்டே அப்பாவிடம் போனேன். "அப்பா, நான் கேக்கேல்லை. பாட்டுக் கேட்டுக் கை நொந்துபோச்சு. சும்மா சொன்னனான்."

அடி விழும் என்று தோளை ஒடுக்கிக்கொண்டு நின்றேன்.

"தெரியும் பிள்ளை" என்றார் அப்பா. "நேத்து வயலாலை வரேக்கை சந்திக் கடையிலை கேட்டனான். மழையெண்டுதான் சொன்னவங்கள்."

"பிறகு ஏன் வெட்டினனீங்கள்?"

"இனி வெட்ட ஏலாது."

ஆட்கள் கிடைக்கமாட்டார்கள் என்று சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். என் தலையிலிருந்து பாரம் இறங்கியது. சோற்றை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மழை விடவில்லை. நாலு நாள் ஊற்றியது. அந்த நாலு நாளும் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நம்பினேன். மழை விட்ட பிறகு நெல்லை வெயிலில் காயவைப்பதுதானே முறை? அம்மாவோ உப்பட்டியை ஈரத்தோடு உருவி, பெரிய தாச்சியில் போட்டு அடுப்பில் வறுத்தார். வீடெல்லாம் புகை, கண்ணெல்லாம் எரிச்சல். "மழை விடமுன்னம் முடிக்கவேணும்" என்று அப்பாவையும் விரட்டினார். பெரியப்பா விறாந்தையில் குந்தியிருந்து ஒழுங்கையில் ஓடிய வெள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெய்யட்டும், நல்லாப் பெய்யட்டும். இந்தச் சேத்துக்கை ஆமியின்ரை ஒரு வாகனமும் அரக்காது."

"இன்னும் ஒரு கிழமை பெய்தாலும் காணாது" என்றார் அம்மா.

வயலில் மிச்ச நெல் முளைத்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு மழை காணாதாம்! முற்றத்துப் பங்கருக்குள் வெள்ளம் நிரம்பித் தவளைகள் குடியேறியதற்குக்கூட யாரும் கவலைப்படவில்லை. அந்த நாலு நாளும் குண்டு போட ஒரு பிளேனும் வராததால் எங்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. எந்நேரமும் மேற்கே கேட்கும் ஷெல் சத்தமும் அடங்கியிருந்தது.

ஐந்தாம் நாள் பின்னேரம் தூறல் மெலிந்தது. சைக்கிளை விறாந்தையில் கவிழ்த்தேன். பாட்டுப் பக்கம் திருப்பவே இல்லை. செய்தி முழுவதற்கும் கையை மாற்றி மாற்றிச் சுற்றினேன். அன்று ஒரு சொல்லும் தப்பவில்லை. வடக்கில் நாளை முதல் மழையற்ற சீரான வானிலை. போன முறை செய்த பிழைக்கு இதோடு கணக்குத் தீர்ந்தது என்று குசினிக்குப் பறந்தேன்.

"மழை இல்லையாம்! நாளைக்கு நல்ல வெயிலாம்! உண்மையாக் கேட்டனான்!"

தாச்சியைக் கிளறிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அப்பா எழுந்து போய் றேடியோவின் வயரைக் கழற்றினார். சைக்கிளை நிமிர்த்தி, வறுத்த நெல் மூட்டையை அதன் கரியரில் வைத்துக் கட்டத் தொடங்கினார். பெரியப்பா தன் உழவு மெசினுக்குப் பின்னால் பெட்டி பூட்ட ஓடினார். இவ்வளவு வடிவாகக் கேட்டு வந்து சொன்ன என்னை ஒருவரும் கெட்டிக்காரி என்று சொல்லவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"இனி ஏன் வறுக்கிறியள்? மிச்சத்தை நாளைக்குக் காயப்போடலாம் தானே அம்மா?"

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழத் தொடங்கினார். அவருடைய சீலை புகை மணத்தது. வெயில் வரப்போவதற்கு ஒருவர் ஏன் அழவேண்டும் என்று நான் எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன்.

விடிய, ஊரை விட்டுப் பரந்தன் பக்கமாகப் போகிற சனத்தோடு சனமாக உழவு மெசின் பெட்டியில் ஏறியபோது, றேடியோ சொன்னது போலவே வெயில் எறித்தது. நெல் காயவைக்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று வழிநெடுக அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே போனேன்.