பாடு நாளும் முருங்கைக்கீரையும்

என் நைனா தாமோதரன் ஐம்பத்து நான்கு வயதில் செத்தார். எங்கள் ஊர் பசியாவரத்தில் அதை விதி என்கிறார்கள். யோசிக்க வலிக்கிறவர்களுக்கு அது வசதியான சொல்.

போன வருடம் அவருடைய இடது காலின் பெரிய தமனியில் ரத்தம் உறைந்து அடைத்தது. கால் தப்பியது, இரண்டு விரல்கள் போயின. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி ரத்தத்தை உறைய வைக்கிற நோய் என்றார் டாக்டர். ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க, ஒரு நாளும் விடாமல் மாத்திரை. நான் பொன்னேரியில் லேப் டெக்னீஷியன். மாதாமாதம் நானே அவர் ரத்தத்தைப் பரிசோதித்தேன். உறைதலைக் காட்டும் அளவு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இருக்க வேண்டும்; குறைந்தால் ரத்தம் மறுபடி உறையும்.

எங்கள் ஊரில் ஏரியில் வலை கட்டப் பாடு, அதாவது முறை, உண்டு. எங்களுக்கு மாதம் ஒரு நாள். வலையைத் தாங்கும் முதல் கழியை முறைக்காரனே ஊன்ற வேண்டும். தவறினால் பாடு அடுத்தவனுக்கு. மாத்திரை தொடங்கிய பின் வந்த முதல் பாட்டில் இறால் முள் நைனாவின் கையில் குத்தியது. ரத்தம் நிற்காமல் வலையெல்லாம் வழிந்தது.

"இன்னா தாமு, வயசுக்கு வந்துட்டியா?" என்றான் பங்காளி ராஜவேலு.

கரையே சிரித்தது. தீட்டு என்று வலையை மஞ்சள் தண்ணீரில் அலச வைத்தார்கள். மீன் ரத்தத்திலேயே பிழைக்கிற வீரர்கள்.

அடுத்த பரிசோதனையில் அளவு ஒன்று புள்ளி மூன்று.

"மாத்திர போட்டியா இல்லியா நைனா?"

"போட்டேம்மா. முருங்கக்கீர தின்னுட்டேன். கீர தின்னா கொறையும்னு நீதான சொன்ன?"

நான்தான் சொன்னேன். கீரையைக் குறைக்கச் சொல்லி அனுப்பினேன். அதன் பிறகும் சில மாதங்கள் அதே அளவு, அதே கீரை.

கரை சிரித்த அந்த நாளுக்குப் பின் வந்த ஒன்பதாவது பாட்டில் முதல் கழியை ஊன்றியவர் அப்படியே சாய்ந்தார். மூளைத் தமனியில் அடைப்பு. இரண்டு நாள் கிடந்தார்.

"பாடு நாள்லயே போய்ட்டான், குடுத்து வெச்சவன்" என்று ராஜவேலு மூக்கைச் சிந்தினான். மரியாதைக்காக எங்கள் அடுத்த பாட்டைக் காலியாக விட்டார்கள். பெரிய மனது.

அன்று அவருடைய வலைப் பையைப் பிரித்தேன். நூல்கண்டுக்கு அடியில் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய இருபத்தேழு மாத்திரைகள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மூன்று நாள் நிறுத்தியிருக்கிறார்.

அம்மாவிடம் கீரையைப் பற்றிக் கேட்டேன்.

"கீரயா? இந்த உப்பு மண்ணுல ஏதுடி முருங்க? உங்க நைனா கீரயத் தொட்டே எத்தினி வருசம் ஆச்சு!"

இதே மண்ணில் பிறந்தவள் நான். ரிப்போர்ட்டில் கையெழுத்தும் என்னுடையதுதான்.