ஸ்விட்ச் போடுகிற பிள்ளை

எங்கள் தெருவில் பெண்கள் எல்லோருமே ஆபீசுக்குத்தான் போனார்கள். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். தொழிற்சாலை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. விடிந்ததும் கம்பெனி பஸ் தெருமுக்கில் வந்து நின்று ஹாரன் அடிக்கும், தூக்குச்சட்டியோடு ஓடுவார்கள். சாயங்காலம் திரும்பும்போது கைரேகைக்குள் அலுமினியப் பொடி மினுங்கும். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அம்மா அந்தப் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள்.

அந்தப் பஸ்ஸில் ஏறக் கூடாது. எனக்கு லட்சியம் என்று ஒன்று இருந்தது என்றால் அது அவ்வளவுதான். பிளஸ் டூ முடித்துவிட்டு விருதுநகரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் நடந்த கம்ப்யூட்டர் சென்டரில் ஹார்டுவேர் படித்தேன். அந்தச் சான்றிதழைக் காட்டித்தான், இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருஷங்களில் ஒன்றில், சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் விற்பனை ஆபீசில் வேலை வாங்கினேன். இது நாற்காலி போட்டு உட்காருகிற ஆபீஸ். இதே கம்பெனிக்கு ஊருக்கு வெளியே இருந்த ஆலையில்தான் அம்மா பேக்கிங்கில் இருந்தாள். சீசன் வரைக்கும் இரு, அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். அந்த ‘அப்புறம்’ மேல்தான் நான் உயிரையே வைத்திருந்தேன்.

நாற்காலி கொடுத்தார்களே தவிர, உட்கார விட்டதில்லை. ஆர்டர் எடுக்கிற அறையில் ஒரு கம்ப்யூட்டர், பில் போடுகிற அறையில் ஒன்று, லோடு அனுப்புகிற அறையில் ஒன்று என்று ஆளுக்கொரு திசையில் இருந்தன. ஒன்றில் இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. நான் பிளாப்பியை எடுத்துக்கொண்டு அறை அறையாக நடப்பேன். அதற்கு எதற்கு ஹார்டுவேர் படித்தேன் என்று நினைத்து நினைத்து எரிச்சலாக வரும்.

சீசன் சூடு பிடிப்பதற்கு முன்னால் முதலாளி மதுரையிலிருந்து ஒரு ஆளை வரவழைத்தார். வந்தவர் எல்லா அறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் இணைத்துவிடலாம், அதற்கு ஒரு ஸ்விட்ச் வேண்டும் என்றார்.

“ஸ்விட்சு வாங்க மதுரைக்கு எதுக்குப் போகணும்? நம்ம பஜார்லயே கிடைக்குமே” என்றார் மேனேஜர் அண்ணாச்சி. சொன்ன கையோடு வயர்மேனையும் கூப்பிட்டுவிட்டார். வயர்மேன் ஃபேன் சுவிட்சு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எந்தச் சுவரில் மாட்ட வேண்டும் என்று கேட்டார். மதுரைக்காரர் சிரித்தார். நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்த ஒரு சொல் என்னை என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது தெரியாது.

மதுரைக்காரர் கொண்டுவந்த ஸ்விட்ச், முகப்பில் வரிசையாகத் துளைகள் உள்ள ஒரு தகரப் பெட்டி. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலிருந்தும் ஒரு கேபிள் அதற்கு வரும். எந்த மேசைக்கு உரிய செய்தியோ அதை அந்த மேசைக்கே தள்ளிவிடும். பெட்டியை வைத்துவிட்டு அவர் கிளம்பிவிட்டார். கேபிள் இழுத்தது நான். கேபிளுக்குள் இருக்கிற எட்டு நரம்புகளையும் நிறம் பார்த்து வரிசையாக அடுக்கி, நுனியைச் சமமாக வெட்டி, கிளிப்பில் செருகி அழுத்தியது நான். நல்ல நேரம் பார்த்துப் பெட்டியின் காற்றுத் துளைகள் மேலேயே சந்தனத்தை அப்பினார்களே, அதை யாருக்கும் தெரியாமல் துடைத்ததும் நான்தான். பிளக்கைச் சொருகியதும் பச்சை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மினுக்கின. ஆர்டர் அறையில் அடித்தது பில் அறையில் வந்து நின்றது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் பிறகு எந்த வேலையிலும் வந்ததில்லை.

சிக்கல் சாயங்காலம் ஆரம்பித்தது. வெடிமருந்தை வைத்துத் தொழில் செய்கிறவர்கள் நெருப்புக்குப் பயப்படுவது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் ஆபீசில் ஒரு கம்பி மத்தாப்புகூடக் கிடையாது. ஆனாலும் பூட்டுகிற நேரத்தில் மேனேஜர் அண்ணாச்சி தன் கையாலேயே மெயினை இறக்குவார். கடைசி ஃபேன் சுற்றி ஓய்கிற வரைக்கும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். காலையில் மெயினைத் தூக்கியதும் எல்லாம் ஒரே நேரத்தில் உதைத்துக்கொண்டு எழும். அந்தக் கரண்டு உதையில் ஸ்விட்ச்சின் அடாப்டர் கருகியது. வேறு வாங்கி மாட்டினோம். அடுத்து ஒரு துளை செத்தது.

“நீ முதல்ல வந்து வரிசையாப் போடு. வேற யாரும் கை வைக்கக் கூடாது” என்றார் மேனேஜர். அதுவே என் வேலை என்றாகிவிட்டது. முதலில் ஸ்விட்ச், விளக்குகள் நிலைத்த பிறகு கணக்கெல்லாம் சேர்த்து வைத்திருக்கிற பெரிய கம்ப்யூட்டர், அதன் பிறகு மற்றவை. எலி கடித்த கேபிளை மாற்றினேன், எந்த அறைக்கு எந்தக் கேபிள் என்று துணி நாடா கட்டி அடையாளம் வைத்தேன், இணைப்பு விட்டுப்போனால் மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடினேன். அதெல்லாம் யார் கண்ணிலும் படவில்லை. காலையில் ஸ்விட்ச் போடுகிற பிள்ளை, அவ்வளவுதான் நான்.

அம்மா தெருவில் பெருமையாகச் சொல்லிவிட்டாள். “என் மக சிவகாசி ஆபீசுல ஸ்விட்சு போடுறா. அவ போட்டாத்தான் அங்கன எல்லாரும் வேலையே பாக்க முடியும்.”

பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்: “அம்புட்டுப் பேருக்கும் கை இல்லையாக்கும்?”

நான் அம்மாவிடம் வள்ளென்று விழுந்தேன். வேறு எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் எனக்குத் தெரியவில்லை.

தினமும் அணைத்து ஏற்றுவதால்தான் பெட்டி சாகிறது என்று மேனேஜரிடம் பலமுறை சொன்னேன். மெயினுக்கு முன்னாலிருந்தே தனியாக ஒரு லைன், அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ், அது போதும். “ராத்திரி பூரா கரண்டை விட்டுட்டுப் போறதா? நீ எந்த ஊர்க்காரி?” என்பார். தீபாவளி லோடு ஏறிக்கொண்டிருந்தபோது ஒரு காலையில் பெட்டி எழவே இல்லை. பில் நின்றது. லாரிகள் வாசலில் வரிசை கட்டின. முதலாளி வந்து சத்தம் போட்டார். எல்லோரும் தலையைக் குனிந்துகொள்ள, நான் காரணத்தையும் வழியையும் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் என்னை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். புது ஸ்விட்ச் வந்தது. தனி லைனும் வந்தது.

அதன் பிறகு ஒரு துளைகூடச் சாகவில்லை. காலையில் நான் போகும்போதே பச்சை விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். முதலாளியிடமே பேசி ஜெயித்துவிட்டோம், இனி வேலை நிரந்தரம்தான் என்று கர்வத்தோடு திரிந்தேன். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

தீபாவளி முடிந்த வாரம் மேனேஜர் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அதிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“முதலாளி கேக்காகம்மா. ஸ்விட்சுதான் இப்ப அணையிறதே இல்லையே, அப்புறம் போடுறதுக்கு ஒரு ஆள் எதுக்குன்னு.”

கேபிளைப் பற்றிச் சொன்னேன். கிளிப்பைப் பற்றிச் சொன்னேன். எலியைப் பற்றிக்கூடச் சொன்னேன். அவர் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டாவது வந்திருப்பேன்.

“நான் என்ன செய்யட்டும் அண்ணாச்சி?”

“ஆலையில பேக்கிங்குக்கு ஆள் எடுக்காக. உங்க அம்மாவும் அங்கனதான இருக்காக. துணையாப் போச்சு.”

வெளியே வரும்போது அந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி எறியலாமா என்று இருந்தது. அதற்கும் ஏதாவது ஆகிவிடுமே என்று இரக்கப்பட்ட என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். எனக்கும் சேர்த்து ஒரு தூக்குச்சட்டி கழுவி வைத்தாள். சாத்தூர், விருதுநகர் என்று ஏறி இறங்கி வேறு வேலை தேடினேன். சீசன் முடிந்த நேரத்தில் எங்கேயும் ஆள் எடுக்கவில்லை. திங்கட்கிழமை ஹாரன் அடித்ததும் அம்மாவோடு போய் ஏறினேன். அவள் வழக்கமாக உட்காருகிற ஜன்னல் பக்கத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

“ஏ புள்ள, கம்ப்யூட்டர் ஆபீசுக்குப் போகலையா நீயி?” என்று முன் சீட்டிலிருந்து ஒருத்தி திரும்பிக் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “அவளுக்கு அங்கன உடம்புக்குச் சேரலை. நாள் பூரா ஏசி போட்டு விட்டுருதாக. சளி பிடிச்சு ஒரே இருமல். நான்தான் போக வேண்டாம்னுட்டேன்.”

நாங்கள் இருந்த அறையில் ஏசியே கிடையாது. நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, இரண்டு தடவை இருமினேன்.