ஆற்றில் வந்த கதவு

நனைந்த சாக்கின் நாற்றம் எங்காவது மூக்கில் பட்டால் இன்றைக்கும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். பெல்மதுளைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தின் கடைசி அறையில், எங்கள் பேச்சில் "காம்பரா"வில், அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் குடியிருந்தோம். அதற்கு இருந்த கதவைக் கறையான் தின்று தீர்த்த பிறகு வாசலில் தொங்கியது ஒரு சாக்குதான். மழை விடாத அந்த ஊரில் அது காய்ந்து நான் பார்த்ததில்லை.

மழையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கங்காணியைப் பொறுக்க முடியாது. விடிவதற்கு முன்பு வேலைக்கு ஆள் கூட்டும் "பெரட்டு"க்கு எழுப்ப வருகிறவர், பிரம்பால் சாக்கைத் தூக்கித் தலையை உள்ளே நீட்டுவார். அம்மா சேலையைத் திருத்தியிருக்கிறாளா, தலையை முடிந்திருக்கிறாளா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கதவு கேட்டு அம்மா மூன்று முறை தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்றாள். "மொதல்ல பால் வெட்டுற வேலையப் பாரு" என்று திருப்பி அனுப்பினார்கள். அப்பாவோ, "லயம்னா அப்படித்தான் புள்ள. நம்ம வீடா இது, ஆணி அடிக்க?" என்றார். 

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஆறு ஒரு பெருமழையில் கரை புரண்டது. வெள்ளம் வடிந்த மறுநாள், மூங்கில் புதரில் பலாப்பலகைக் கதவு ஒன்று சிக்கிக் கிடந்ததை முதலில் கண்டவள் நான். அம்மா அதைத் தொடவில்லை. சிங்களம் பேசத் தெரிந்த தைரியத்தில் என்னையும் இழுத்துக்கொண்டு, ஆற்றோரக் கிராமத்தில் வீடு வீடாக யாருடையதென்று விசாரித்தாள். கடைசியில், சேற்றுக்குள் சட்டி பானை தேடிக்கொண்டிருந்த ஒருவர் அது தன்னுடையது என்றார். வீடே போய்விட்டது, கதவை வைத்து என்ன செய்ய, மகன் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, "கெனியன்ன" என்றார். கொண்டுபோ என்று அர்த்தம். அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

எங்கள் வாசலுக்கு அது ஒரு சாண் பெரிது. லயமே கூடி நின்று கேலி பேச, அப்பா எங்கேயோ போய் மரமறுக்கும் வாள் வாங்கிவந்து அறுத்தார். ஆணி அடித்ததும் அவர்தான். உட்பக்கம் குறுக்குக் கட்டையும் போட்டார்.

மறுநாள் அம்மா முன்னதாகவே எழுந்து, தலையை முடிந்து, பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பிரம்பு பலகையில் மோதியது.

"யாருங்க?" என்றாள்.

அந்தக் கேள்வியை லயத்தில் யாரும் அவரிடம் கேட்டதில்லை. பிரம்பு பலகையை விட்டு விலகியது. பிறகு, "நான்தான்... கங்காணி" என்று, நான் அதுவரை கேட்டறியாத ஒரு சின்னக் குரல்.

"என்ன வேணுங்க?"

"பெரட்டுக்கு நேரமாச்சு."

"வர்றோம். நில்லுங்க."

நின்றார்! கொட்டும் மழையில் நின்றார். அப்பா கம்பளியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார். ஆபீசில் கங்காணி கோள் சொன்னாரோ என்னவோ, கதவைக் கழற்ற ஒருவரும் வரவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள், சாக்கு தொங்கிய வாசல்களிலெல்லாம் தகரமோ பெட்டிப் பலகையோ ஏறிவிட்டது. வேலை விட்டதும் அப்பா, "வா, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்று சொல்லத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான்.

இன்று அந்த லயம் இல்லை. இடித்துவிட்டு ரப்பர் கன்று நட்டிருக்கிறார்கள். கதவு யார் வீட்டு அடுப்பில் எரிந்ததோ, தெரியாது. இப்போது நான் இருக்கும் வீட்டில் கண்ணாடி ஜன்னல் உண்டு, வருகிறவர் யாரென்று வாசல் படலையைத் திறக்கும்போதே தெரிந்துவிடும். "தெரிஞ்சுகிட்டே கேக்குறீங்களே அத்தை" என்று மருமகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். யார் தட்டினாலும் தலையை முடிந்துகொண்டு, நிதானமாக எழுந்து, தெருவுக்கே கேட்கும்படி "யாருங்க?" என்று கேட்ட பிறகுதான் நான் கதவைத் திறப்பேன்.