உருகி உறைந்த குப்பி

ஐஸ் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். வருடம் முழுக்கக் குளிர்ப்பெட்டிகளுக்கு நடுவே திரிகிறவளை வேறெப்படிக் கூப்பிடுவது? இலைகள் காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து உணவாக்க உதவும் நொதியை (என்சைமை), செடியின் மரபணுவை பாக்டீரியாவுக்குள் புகுத்தி எங்கள் கம்பெனி தயாரிக்கிறது. அதைச் சின்னஞ்சிறு குப்பிகளில் ஊற்றி, உறையவைத்து, ஆராய்ச்சிக்கூடங்களுக்கு அனுப்புவது அக்காவின் வேலை. வாய்த்துடுக்கு அதிகம். "கதவைச் சாத்துங்க சார், இது உங்க வீட்டு ஃபிரிட்ஜ் இல்ல" என்று மேனேஜரையே விரட்டுவாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் ஒரு தட்டுக் குப்பிகளை மேசைமேல் வைத்துவிட்டு மறந்துபோனாள். அம்மாவைக் கண் டாக்டரிடம் யார் கூட்டிப்போவது என்று தங்கையோடு ஃபோனில் சண்டை. சண்டை முடிந்து, அழுது, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் எல்லாம் உருகிக் கிடந்தது. அப்படி உருகிக் கிடந்ததைக் கொட்டிவிட வேண்டும். மறுபடி உறையவைத்தால் நொதி பாதிக்குமேல் செத்துவிடும். அக்கா கொட்டவில்லை. நல்லதும் கெட்டதும் பார்வைக்கு வெறும் தண்ணீர் மாதிரிதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று உறைபெட்டிக்குள் தள்ளினாள். அனுப்பியும் விட்டாள்.

குறை சொல்லி யாராவது கூப்பிட்டிருந்தால் சமாளித்திருப்பாள். வந்ததோ நன்றி. ஓர் ஆராய்ச்சி மாணவி, தான் மரபணுவை மாற்றி வளர்த்த செடியின் நொதியை எங்கள் நொதியோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள்.

"மேடம், உங்களோடதைவிட என் செடியோடது ரெண்டு மடங்கு வேகமா வேலை செய்யுது! இத்தனை வருஷம் பட்ட பாடு வீண் போகல. சரியான நேரத்துக்கு அனுப்பினீங்க, ரொம்ப தேங்க்ஸ்!"

அக்கா "ரொம்ப சந்தோஷம்மா" என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர், "நீயா ஏன் போய் மாட்டிக்கிற? அந்தப் பொண்ணு சந்தோஷமாத்தானே இருக்கு?" என்றாராம். நல்ல நியாயம்! குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் விடுமா? மறுநாள் காலையில் என்னிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். நான் வாயைத் திறக்குமுன்பே அந்த மாணவியைக் கூப்பிட்டு, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"இங்க பாரும்மா, உனக்கு அனுப்பின குப்பி நடுவுல உருகிடுச்சு. நான்தான் திரும்ப உறைய வெச்சு அனுப்பிட்டேன். எங்களோடது பாதி செத்துப்போனதாலதான் உன்னோடது வேகமாத் தெரிஞ்சிருக்கும். தப்பு என்னோடதுதான், மன்னிச்சிடும்மா. மேனேஜர்கிட்ட சொல்லி இன்னைக்கே நல்லதா அனுப்புறேன்."

 அவள் கோபமாகத் திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அப்போ என் செடி சாதாரணச் செடிதானா மேடம்?"

"தெரியலம்மா. மறுபடி செஞ்சு பார்த்தாத்தான் தெரியும்."

"நேத்தே சொல்லியிருக்கலாமே." திட்டவில்லை அவள், குரல்தான் இறங்கிவிட்டது. "உங்ககிட்ட பேசினப்புறம்தான் அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். படிச்சது போதும், கிளம்பி வான்னு சொல்லிட்டே இருந்தவரு மேடம். நேத்துதான் முதல் தடவையா, நீ அங்கேயே இரும்மான்னு சொன்னாரு."