பயனெட்டுக்கு வைத்த பொட்டு

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பிராங்பேர்ட்டில் ஆராய்ச்சி மாணவன். கோழிக்குஞ்சைக் கண்டாலே ஒதுங்கிப் போகிற எனக்கு ஒரு கிறுக்கு பிடித்திருந்தது. அமெரிக்க ராணுவத்தின் பழைய பயனெட்டுகளைச் சேர்த்தேன், துப்பாக்கி முனையில் மாட்டுகிற அதே கத்திகள்தான். ஊர் திரும்பும் சிப்பாய்கள் விற்றுவிட்டுப் போவார்கள். சந்தையிலும் கிடைக்கும். உறையோடு இருந்தால்தான் வாங்குவேன். உறையில்லாத கத்தியை ஏதோ குறைப்பட்ட பொருள் போலப் பார்ப்பேன்.

என் பெருமையெல்லாம் பிடிக்கு அருகே பொறித்திருக்கும் எழுத்துகளில் இருந்தது. அதைப் பார்த்து எந்த ஆலை, எந்த வருடம் என்று சொல்லிவிடுவேன். நீளமாகச் செய்து பிறகு வெட்டிக் குட்டையாக்கியது எது, பிறக்கும்போதே குட்டை எது என்றும் சொல்வேன். கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டேன். கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மாள் நிறையவே கேட்டிருக்கிறார். பட்டம் வாங்கும் முன்பே என்னை 'டாக்டர்' என்று அழைக்கும் மரியாதைக்காரர். தலையாட்டிக்கொண்டே நிற்பார். ரசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மாடிப்படி ஓரத்தில் அவருடைய மகனின் படம் மாட்டியிருந்தது. ராணுவ உடை, பெரிய காதுகள். இரண்டாம் உலகப் போரின் கடைசி வசந்தத்தில், அமெரிக்கர்கள் ஊருக்குள் வந்தபோது இறந்துபோனான் என்று நான் குடிவந்த அன்றே சொல்லியிருந்தார். தினமும் அந்தப் படத்தைத் தாண்டித்தான் மாடி ஏறினேன். கையில் பயனெட்டோடும் ஏறியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்து ஒரு நாளும் யோசிக்கவில்லை. இதை எழுதும்போதுகூட முகம் எரிகிறது.

அந்த வருட ஆயுத பூஜைக்கு என் அறையில் கூடினோம். கணக்குப் போடும் ஸ்லைடு ரூல், புத்தகங்கள், பேனா எல்லாவற்றையும் மேஜையில் வைத்தோம். என்னோடு படித்த மதுரைக்கார நண்பன், பயனெட்டுகளை மாட்டியிருந்த சுவரைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏன்டா, ஸ்லைடு ரூலுக்கெல்லாம் பொட்டு வைக்கிறோம், நிஜ ஆயுதம் சும்மா தொங்குது. ஆயுத பூஜைன்னா இதுதான்டா ஃபர்ஸ்ட்!"

எனக்கும் ஆசைதான். உறைகளை உருவி, கத்திகளை வரிசையாகச் சாய்த்து வைத்து, சந்தனம் குழைத்து, அம்மா அனுப்பிய குங்குமத்தை அதன்மேல் வைத்தேன். சந்தனத்தில் தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது.

சுண்டல் சாப்பிட வீட்டுக்கார அம்மாளை அழைத்திருந்தேன். நல்ல உடை உடுத்தி வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். குங்குமம் கரைந்து, கத்தியின் நடுவே ஓடும் பள்ளம் வழியாக முனைவரை வழிந்திருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மடமடவென்று விளக்கம் சொன்னேன்: நமக்குச் சோறு போடும் கருவிகளுக்கு வருடத்தில் ஒரு நாள் நன்றி சொல்கிறோம்.

அவர் ஸ்லைடு ரூலைப் பார்த்தார். பிறகு கத்திகளைப் பார்த்தார்.

"இவை உங்களுக்குச் சோறு போடுகின்றனவா, டாக்டர்?"

"இல்லை... சும்மா, சேர்க்கிறேன்."

அருகில் வந்து, குனிந்து, ஒரு கத்தியில் பொறித்திருந்த எழுத்துகளைப் பார்த்தார். தொடவில்லை.

"எங்கே செய்தது, எந்த வருடம், எல்லாம் இதிலிருந்து சொல்வீர்களே. யார் உடம்பில் இறங்கியது என்று எங்கேயாவது போட்டிருக்கிறதா?"

அவர் குரலில் கோபமே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். நண்பன் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இத்தாலியர் கடைக் கொண்டைக்கடலையில் செய்த அந்தச் சுண்டலை ஒன்று விடாமல் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தட்டோடு கீழே போனார்.

பிறகு ஈரத்துணியால் துடைத்தேன். கத்தியில் வழிந்தது போய்விட்டது. எழுத்துகளின் பள்ளத்துக்குள் இறங்கிய சிவப்பு மட்டும் போகவில்லை. ஊசியால் சுரண்டிப் பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் உறையில் செருகிப் பெட்டிக்குள் போட்டேன்.

மறுநாள் காலை, படத்தைப் பார்க்காமல் படி இறங்கினேன். கீழே அவர் வழக்கம்போல "காலை வணக்கம், டாக்டர்" என்றார். கழுவித் துடைத்த என் சுண்டல் தட்டை நீட்டினார். அதில் வீட்டில் செய்த கேக் ஒரு துண்டு இருந்தது.