அச்சடித்து வந்த கவுன்

எங்கள் வீட்டில் கவுன் பிரிண்டரில் வருகிறது. முதலில் முக்கல் மாதிரி ஒரு சத்தம். பிறகு தாள் தாளாக விழும். ஒரு தாளில் ஒரு கோடு. அடுத்ததில் அரை வளைவு. அதற்கடுத்ததில் ஒன்றுமே இருக்காது, மூலையில் ஓர் எண் மட்டும். இப்படி நாற்பத்திரண்டு தாள். என் மனைவி சபீனா அவற்றைத் தரையில் பரப்பி, முழங்காலிட்டு, ஓரம் நறுக்கி, எண் பார்த்து செலோடேப் ஒட்டுவாள். ஒரு மத்தியானம் முழுக்கப் போய்விடும். ஒட்டி முடித்தால் ஆள் நீளத்துக்கு ஒரு காகிதப் பாய் கிடைக்கும். அதை வெட்டித் துணிமேல் வைத்து, மறுபடி வெட்டுவாள். ஒரே கவுனை இரண்டு தடவை வெட்டுகிற ஜனங்களை நான் இங்கேதான் பார்த்தேன். ஜெர்மனிக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்பு மடிக்கிறேன். நான் டெய்லர் என்பது இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. கம்ப்யூட்டர் இருக்கிறது.

எண்பத்தொன்பதில் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி, எனக்கு ஒரு கடை இருந்தது. ஒரு மிஷின், ஒரு கட்டிங் பலகை. படிப்பு ஆறாம் வகுப்பு. காகிதம் என்பது பட்டன் பொட்டலம் மடிக்க மட்டும்தான். பெண்கள் உடம்பில் டேப் வைக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அளவு ஜாக்கெட் கொண்டுவருவார்கள். "இதே அளவுதாங்க. கை மட்டும் கொஞ்சம் கம்மி. கழுத்து கொஞ்சம் எறக்கம். ஆனா போன வாட்டி மாதிரி வேணாம்" என்பார்கள். போன வாட்டி எப்படி இருந்தது என்று அவர்களும் சொல்லமாட்டார்கள், நானும் கேட்கமாட்டேன். ஜாக்கெட்டைப் பார்த்தாலே தெரியும், எங்கே இழுத்துக்கொண்டிருக்கிறது, எங்கே தொளதொளக்கிறது என்று. சாக்பீஸால் துணிமேல் நேராகக் கோடு போட்டு வெட்டுவேன். பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் உள்ளே விடுவேன். உடம்பு பெருத்தால் பிரித்துவிடலாம். ஒரு ஜாக்கெட் கல்யாணத்துக்கும் வரும், மூன்று பிள்ளை பெற்ற பிறகும் வரும். சபீனாவின் காகிதத்தில் உள்ளே விடுவது ஒரு சென்டிமீட்டர். எங்கள் ஊரில் கொசுவலைக்கே அதைவிட ஜாஸ்தி விடுவோம்.

சபீனா என் கடைக்கு வந்ததும் அந்த வருஷம்தான். ஆசிரமத்துக்கு வந்த ஜெர்மன்காரி. சட்டை தைக்க வேண்டும் என்று சொல்லி, கடை நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். நான் டேப்பைக் கீழே வைத்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பழைய சட்டை கொடு என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. மறுநாள் இரண்டு சட்டை, ஒரு ஸ்வெட்டர், ஒரு ஜோடி செருப்பு கொண்டுவந்து கொடுத்தாள். நான் ஒரு சட்டையை மட்டும் எடுத்து அளவு பார்த்து, தைத்து, எல்லாவற்றையும் மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். கோபித்துக்கொண்டாள். ஏழைக்குக் கொடுத்ததை ஏழை திருப்பித் தருகிறான் என்று கோபம். பக்கத்து டீக்கடைக்காரர்தான் விளக்கினார். "அம்மா, அவன் பிச்ச கேக்கல. அளவு கேட்டான்." அதற்குப் பிறகு அவள் தினமும் வந்தாள். தொண்ணூற்றி ஒன்றில் ரிஜிஸ்டர் கல்யாணம். தொண்ணூற்றி இரண்டில் இங்கே வந்துவிட்டோம். கையை விரித்து நிற்கிற ஊருக்கு.

மகள் லீலாவுக்குப் பதினாறு வயது. பத்தாவது முடித்தாள். இங்கே அதற்கு ஒரு விழா வைக்கிறார்கள். பெண்கள் தரை தொடுகிற கவுன் போட வேண்டுமாம். லீலா அலமாரியிலிருந்து ஆரணிப் பட்டுப்புடவையை எடுத்துவந்தாள். அது என் தங்கை வசந்தா அனுப்பியது. திருவண்ணாமலைப் பக்கம் வேங்கிக்காலில் இருக்கிறாள். லீலா பெரியவளானபோது மஞ்சள் நீராட்டுக்கு என்று அனுப்பினாள். இதையெல்லாம் ஊரைக் கூட்டிச் சொல்வதா என்று சபீனா விழா வைக்கவில்லை. புடவை மூன்று வருஷமாகச் சும்மா கிடந்தது. அரக்கு உடல், பச்சை முந்தானை. வசந்தா போனில் பேசும்போதெல்லாம் கேட்பாள். "புடவை கட்டினாளாண்ணா?" நான் வேறு பேச்சு பேசுவேன்.

"அப்பா, இதுல கவுன் தைச்சுக் குடு" என்றாள் லீலா. அவள் தமிழில் கேட்பது அபூர்வம். எனக்கு உள்ளே ஏதோ இளகியது. ஆனால் வாயில் வந்தது, "பழைய கவுன் ஒண்ணு எடுத்துட்டு வா" என்பதுதான். அவள் சிரித்தாள். "பழசு எல்லாம் சின்னது. நான் வளர்ந்துட்டேன். இதோ நிக்கறேன், அளந்துக்கோ." அம்மா மாதிரியே கையை விரித்து நின்றாள். நான் டேப்பை எடுத்தேன். வைக்க முடியவில்லை. வயசுக்கு வந்த பெண். என் கை போகவில்லை. பிறகு பார்க்கலாம் என்றேன். அவள் கையைக் கீழே இறக்கிவிட்டு அம்மாவிடம் போய்விட்டாள்.

சபீனா அன்றைக்கே இன்டர்நெட்டில் ஒரு கவுனின் வெட்டுப்படம் வாங்கினாள். நான், பட்டில் போய் இந்த விளையாட்டா என்றேன். "நீ கண்ணால வெட்டற. இது கணக்கு" என்றாள். அவள் தமிழ் செங்கம் ரோட்டில் கற்றது. கோபத்துக்கு நன்றாக வரும். சரி, கணக்காகவே இருக்கட்டும் என்று சோபாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். அந்த வாரம்தான் பழைய பிரிண்டர் செத்துப் புதியது வந்திருந்தது. முதல் தாள் என் காலடியில் விழுந்தது. அதில் ஒரு கட்டம் இருக்கும். பத்து சென்டிமீட்டருக்குப் பத்து. அதை அளந்து பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் எழுதியிருக்கும். சபீனா முன்பெல்லாம் அளப்பாள். ஒருமுறையும் தப்பியதில்லை என்பதால் விட்டுவிட்டாள். எனக்குப் பார்த்ததும் தெரிந்தது, அது பத்து இல்லை. அவள் காபி போடப் போனபோது டேப் வைத்துப் பார்த்தேன். ஒன்பது புள்ளி ஆறு. புது பிரிண்டர் படத்தைத் தாளுக்குள் அடக்க மொத்தத்தையும் சுருக்கியிருந்தது. நான் தாளை மற்ற தாள்களோடு வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. கணக்கு ஜெயிக்கிறதா பார்ப்போம் என்று இருந்தேன். அவள் ஒட்டினாள். ஒட்டியதை வெட்டினாள். பிறகு பட்டில் கத்திரி வைத்தாள். அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். அப்போதும் சொல்லவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் லீலா போட்டுப் பார்த்தாள். முதுகில் ஜிப் ஏறவில்லை. சபீனா இழுத்தாள். மூச்சை உள்ளே பிடி என்றாள். அப்படியும் ஏறவில்லை. சபீனா ஒரு அடி பின்னால் நகர்ந்து, மகளை மேலும் கீழும் பார்த்து, ஜெர்மனில் கேட்டாள், "நீ குண்டாகிவிட்டாயா?" லீலா போய்க் கவுனைக் கழற்றிவிட்டு வந்தாள். சாப்பாட்டு மேஜையில் தட்டைத் தள்ளி வைத்தாள். ரொட்டி வேண்டாம், ஒன்றும் வேண்டாம். எங்கள் ஊரில் ஜாக்கெட் சேரவில்லை என்றால் டெய்லரைத் திட்டுவார்கள். "கண்ணு எங்கடா வச்சிருந்த" என்று கடை வாசலில் நின்று கேட்பார்கள். உடம்பைத் திட்டமாட்டார்கள். இங்கே காகிதத்துக்கு அத்தனை மரியாதை. தப்பு பெண்ணின் இடுப்பில் என்று முடிவாகிவிட்டது.

நான் எழுந்து குப்பைக் காகிதத்தில் தேடி அந்த முதல் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஸ்கேலையும் வைத்தேன். "காகிதம்தான் சின்னது. பொண்ணு சரியாத்தான் இருக்கா" என்றேன். சபீனா அளந்தாள். இரண்டாவது தடவையும் அளந்தாள். "எப்ப பாத்த?" என்றாள்.

"வெட்டறதுக்கு முன்னாடி."

சபீனா எழுந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். லீலா உட்கார்ந்திருந்தாள். "நீ பாத்த. ஆனா சொல்லல" என்றாள் தமிழில். ஆமாம் என்றேன். இத்தனை நாள் நான் கேவலமாகப் பார்த்த காகிதம் ஒன்றையும் மறைக்கவில்லை. கட்டம் போட்டு, என்னை அளந்து பார் என்று எழுதிக்கொண்டுதான் வந்தது. மறைத்தவன் டெய்லர்.

பிரித்துவிட உள்ளே துணி இல்லை. அரக்கு முழுக்கப் பாவாடைச் சுற்றுக்கே போய்விட்டது. மிச்சம் இருந்தது பச்சை முந்தானை மட்டும். லீலா கவுனை மறுபடி போட்டுக்கொண்டு எனக்கு முதுகு காட்டி நின்றாள். கையை விரிக்கவில்லை. ஜிப்பின் இரண்டு ஓரத்துக்கும் நடுவே டேப் வைத்தேன். ஒன்றே கால் அங்குலம். துணியின் இடைவெளியைத்தான் அளந்தேன், உடம்பை அல்ல. இரண்டு பக்கத் தையலையும் அக்குளிலிருந்து இடுப்புவரை பிரித்து, பச்சையில் பட்டை வெட்டி உள்ளே கொடுத்தேன். ஒவ்வொரு பட்டைக்கும் உள்ளே தாராளமாக விட்டேன். பதினாறு வருஷத்துக்குப் பிறகு பட்டு தைக்கிறேன். கை மறக்கவில்லை. அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. காலையில் ஜிப் ஏறியது. லீலா கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். மேஜையில் இருந்த ரொட்டியில் பாதியை நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

விழாவில் எடுத்த போட்டோவை வசந்தாவுக்குத் தபாலில் அனுப்பினேன். சேர்ந்ததும் போன் செய்தாள்.

"போட்டோ வந்துச்சுண்ணா. புடவைய வெட்டிட்டீங்களே. சரி, போவட்டும். பொண்ணு மகாலட்சுமியாட்டம் இருக்கா. யாரு தைச்சது, நீயா?"

"ரெண்டு பேரும்."

"அதான் நல்லா வந்திருக்கு. அது ஏன் ரெண்டு கையையும் ஒடம்போட ஒட்ட வச்சினு நிக்கறா?"

"குளிரு" என்றேன்.

"ஜூன் மாசத்துலயா?"

"இங்க அப்படித்தான்."

அவள் நம்பிவிட்டாள். அந்தப் போட்டோ இப்போது வேங்கிக்காலில் அவள் வீட்டு டிவி மேல் இருக்கிறதாம். வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுகிறாளாம், அண்ணன் பொண்ணு, ஆரணிப் பட்டு, அங்கே ரொம்பக் குளிர் என்று. முன்னால் பார்த்தால் முழுக்க அரக்குதான். பச்சை இரண்டு கைக்கும் அடியில் இருக்கிறது. லீலா அழுத்திப் பிடித்திருக்கிறாள்.